யார் வழியில் வந்தது?

குமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பக்கத்திலும் நரம்பு, தசை சம்பந்தமான கோளாறு என்றால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "திருவனந்தபுரம் கொண்டுபோய்க் காட்டிடலாம்" என்பதுதான். 1956 வரை குமரிக்காரர்களுக்கு அதுவே தலைநகரம். மாநில எல்லை மாறியும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி மாறவில்லை. அங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் கொடுத்த கட்டடத்தில் உருவாகி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. பக்கத்திலேயே தாய்க்கும் சேய்க்குமான அரசு மருத்துவமனை எஸ்.ஏ.டி.

தசை தளர்ந்த கைக்குழந்தையோடு இப்படிப்பட்ட இடங்களுக்கு வரும் பெற்றோருக்குக் கேட்பதற்கு மூன்று கேள்விகள் இருக்கும். என்ன நோய்? குணமாகுமா? அடுத்த பிள்ளைக்கும் வருமா? கூட வந்த சொந்தக்காரர்களிடம் நாலாவதாக ஒரு கேள்வி இருக்கும்: "இது யார் வழியில் வந்தது?" பெரும்பாலும் அந்தக் கேள்வி குழந்தையின் அம்மாவைப் பார்த்தே கேட்கப்படும். மரபணு அறிவியல் அதற்குத் தரும் பதில், கேட்டவர் எதிர்பார்க்கும் பதிலாக அனேகமாக இருக்காது.

தூக்கினால் தெரிவது

சோதனை எளிமையானது. மருத்துவர் குழந்தையைக் குப்புறத் திருப்பி, வயிற்றுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்குவார். நலமான குழந்தை ஒரு நொடியாவது தலையை நிமிர்த்தும். கை கால்களை மடக்கும். தசை தளர்ந்த குழந்தைக்குத் தலையும் கால்களும் இரு பக்கமும் தொங்கிவிடும். அக்குளைப் பிடித்துத் தூக்கினால் தோள் நழுவி, குழந்தை கைக்குள்ளிருந்து வழுக்கிக் கீழே போகும். அழுகை சன்னமாக இருக்கும். முலைக்காம்பை இழுத்து உறிஞ்ச வலு இருக்காது. வாய் சற்றுத் திறந்தே கிடக்கும். "வயித்துல இருக்கும்போதே துடிப்பு கம்மியாத்தான் இருந்துச்சு" என்று அம்மா சொல்வதும் உண்டு. ஆனால் கண்கள் விழிப்போடு ஆளைத் தொடரும். மூளை நன்றாக வேலை செய்கிறது, அதன் கட்டளையை நிறைவேற்ற வேண்டிய இடத்தில்தான் பழுது என்பதற்கு அதுவே முதல் தடயம்.

மூளைக்கும் தசைக்கும் நடுவில் பழுது நேரக்கூடிய இடங்கள் சில உண்டு. தண்டுவடத்தின் நரம்பு செல்கள் அழிந்தால் அது எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டு தசைச் சிதைவு. நாக்கில் நுண்ணிய துடிப்பு தெரிவதும், முழங்காலில் தட்டினால் கால் அசையாததும் அதன் அறிகுறிகள். நரம்பு தசையைத் தொடும் சந்திப்பில் பழுது இருந்தால் அது வேறு நோய். நரம்பெல்லாம் ஒழுங்காக இருந்தும் தசை உருவான விதமே பிசகியிருந்தால் அதுதான் பிறவித் தசைநோய். இந்த மூன்றாவது வகை அரிதானது. அதன் கதையிலிருந்து மரபணுவைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

சாயம் ஏறாத நடுப்பகுதி

1956இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மில்டன் ஷையும் அவருடைய சகா கென்னத் மகீயும் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைச் சேர்ந்த ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். ஐந்து பேருக்கும் பிறந்ததிலிருந்தே தசை பலவீனம். வயது ஏற ஏற அது பெரிதாக முற்றவில்லை. அவர்களின் தசையில் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, ஒவ்வொரு தசைநாரின் நடுப்பகுதியும் விசித்திரமாகத் தெரிந்தது.

இன்று பயாப்ஸி ஆய்வகத்தில் இந்தக் காட்சியை இன்னும் துலக்கமாகப் பார்க்கலாம். துணுக்கைத் திரவ நைட்ரஜனின் குளிரில் நொடிப்பொழுதில் உறையவைத்து, மிக மெல்லிதாகச் சீவி, மைட்டோகாண்டிரியா இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கும் சாயத்தை ஊற்றுவார்கள். வட்ட வட்டமான தசைநார்கள் நீலமாகத் தெரியும். நோயுள்ள நார்களில் மட்டும் நட்டநடுவே சாயமே ஏறாத வெளுப்பு வட்டம் இருக்கும். அங்கே மைட்டோகாண்டிரியா இல்லை. ஆகவே ஆற்றல் உற்பத்தியும் இல்லை. நோய்க்கு 'சென்ட்ரல் கோர்' என்ற பெயர் வந்தது நாரின் இந்த நடுப்பகுதியை வைத்துத்தான்.

1963இல் ஷையின் குழு இன்னொரு நோயைக் கண்டது. வேறொரு சாயத்தில் நீலப்பச்சையாகத் தெரியும் நார்களுக்குள் சிவப்புச் சிவப்பாகக் குச்சிகள் கிடந்தன. இது 'நெமலின்' தசைநோய். 1966இல் மூன்றாவதும் வந்தது: பிறந்த பிறகும் கருவளர்ச்சியின் பழைய கட்டத்திலேயே நின்றுவிட்டதுபோல, உட்கரு நார் ஓரத்துக்கு நகராமல் நடுவிலேயே தங்கிவிட்ட தசை. அதற்கு 'மயோடியூபுலர்' என்று பெயர். நோய்களின் வகைவாரியான பட்டியல் இப்படித்தான் உருவானது: நுண்ணோக்கியில் என்ன தெரிகிறதோ, அதுவே நோயின் பெயர்.

முப்பது ஆண்டுகள் கழித்து இந்நோய்களுக்கான மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்தப் பட்டியல் ஆட்டம் கண்டது. நெமலின் குச்சிகளை உண்டாக்கும் மரபணுக்கள் மட்டும் பத்துக்கு மேல் இருந்தன. மறுபக்கம், ஒரே மரபணுவின் வெவ்வேறு பிழைகள் ஒருவருக்கு வெளுப்பு வட்டத்தையும் இன்னொருவருக்கு நடுவில் தங்கிய உட்கருவையும் தந்தன. பெயர் ஒன்றாக இருந்தாலும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தசையின் தோற்றம் போதாது, மரபணுவைப் படித்தாக வேண்டும்.

ஒழுகும் மடை

பிறவித் தசைநோய்களில் அதிகமாகச் சிக்கும் மரபணு ஆர்.ஒய்.ஆர்.1. இருப்பது 19ஆம் குரோமோசோமில். அது சொல்லிக்கொடுக்கும் புரதம் 5,038 அமினோ அமிலங்கள் கொண்ட ராட்சதச் சங்கிலி. அப்படி நான்கு சங்கிலிகள் சேர்ந்து ஒரு வாயில் ஆகின்றன. உயிரினங்களில் அறியப்பட்ட மிகப் பெரிய அயனி வாயில்களில் ஒன்று அது.

அதன் வேலையைக் குளத்து மடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு தசைநாருக்குள்ளும் கால்சியத்தைத் தேக்கிவைக்கும் பைகள் உண்டு. நரம்பிலிருந்து மின்துடிப்பு வந்ததும் மடை திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும். துடிப்பு நின்றதும் மடை மூடும்; பாய்ந்த கால்சியம் திரும்பப் பைக்குள் ஏற்றப்படும். இந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறி மடைப்பலகை சரியாகப் பொருந்தாமல் போனால், கால்சியம் எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும். சுருங்க வேண்டிய நேரத்தில் பாய்ச்சப் போதிய இருப்பு இராது. வேறு சில பிழைகளில் மடை ஒழுகாது, ஆனால் திறக்கவே மறுக்கும். முடிவு ஒன்றுதான்: படிக்கட்டு ஏற முழங்காலில் கையூன்ற வேண்டிய பிள்ளை.

பழுதான மடைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1960இல் மெல்போர்ன் நகரில் 21 வயது மாணவர் ஒருவர் கால் உடைந்து மருத்துவமனைக்கு வந்தார். கால் முறிவைவிட அவர் பயந்தது மயக்க மருந்துக்கு. ஈதர் கொடுத்ததில் தன் உறவினர்கள் பத்துப் பேர் இறந்துபோனதாகச் சொன்னார். புதிய மருந்தான ஹாலோத்தேன் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் உடல் கொதித்தது, ரத்த அழுத்தம் சரிந்தது. மருந்தை உடனே நிறுத்திப் பனிக்கட்டியால் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். மைக்கேல் டென்பரோவும் ரிச்சர்ட் லவலும் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதிய கடிதத்திலிருந்துதான் மயக்க மருந்தால் உண்டாகும் அதிவெப்பச் சிக்கல் மருத்துவ உலகில் பேசப்படத் தொடங்கியது. சில மயக்க வாயுக்கள் பட்டதும் பழுதான மடை திறந்தபடியே நின்றுவிடுகிறது. உடலின் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் எரியத் தொடங்குகின்றன.

இதே கோளாறு பன்றிப் பண்ணைகளிலும் இருந்தது. லாரியில் ஏற்றும்போதே சில பன்றிகள் உடல் சூடேறிச் செத்து விழுந்தன. 1991இல் கனடா விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது பல இனப் பன்றிகளிலும் ஆர்.ஒய்.ஆர்.1 மரபணுவின் அதே ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மூதாதை ஒன்றாக இருக்க வேண்டும். கொழுப்பு குறைந்த, சதை பருத்த பன்றி வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவர்கள், அந்த எழுத்தையும் சேர்த்தே வளர்த்துவிட்டிருந்தார்கள்.

நாலாவது கேள்விக்கு நான்கு பதில்கள்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிறவித் தசைநோய் குடும்பத்துக்குள் வரும் வழிகள் நான்கு.

முதல் வழியில், பழுதான ஒரு பிரதி போதும், நோய் வந்துவிடும். ஷை பார்த்த குடும்பம் இந்த வகை. பெற்றோரில் ஒருவருக்கும் அது இருக்கும், ஆனால் மிக லேசாக. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வந்தவர், தரையில் உட்கார்ந்தால் எதையாவது பிடித்தே எழுபவர்; ஊரார் அவரைச் சோம்பேறி என்றிருப்பார்கள். குழந்தையைக் காட்ட வந்த இடத்தில் தன் நோயைத் தெரிந்துகொள்ளும் தந்தையும் தாயும் உண்டு. இப்படிப்பட்டவர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

இரண்டாம் வழியில், இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய். நெமலின் நோய்க்குப் பெரும் காரணமான நெபுலின் மரபணு பெரும்பாலும் இப்படித்தான் இறங்குகிறது. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பழுதான பிரதியை எந்தத் தொல்லையும் இல்லாமல் சுமந்திருப்பார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இங்கே "யார் வழி" என்று கேட்டால், இரண்டு வழியும்தான். ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்லக் கணக்கிலேயே இடமில்லை.

மூன்றாம் வழி எக்ஸ் குரோமோசோம் வழி. மயோடியூபுலர் நோயின் கடுமையான வடிவத்துக்குக் காரணமான எம்.டி.எம்.1 மரபணு அங்கே இருக்கிறது, 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று என்பதால் அது பழுதானால் ஈடுசெய்ய மற்றொன்று கிடையாது. அந்த ஆண் குழந்தைகள் பலருக்குப் பிறந்தவுடனேயே மூச்சுக் கருவியின் துணை தேவைப்படுகிறது. இங்கே பழுதான பிரதி பெரும்பாலும் தாய் வழி வருவது உண்மைதான். ஆனால் தாய்க்கு அதைத் தெரிந்துகொள்ளவோ தடுக்கவோ வழி இருந்ததில்லை. இருக்கும் இரண்டு எக்ஸில் எதைக் கொடுப்பது என்று அவர் தேர்ந்தெடுப்பதும் இல்லை.

நாலாம் வழியில் பிழை யாரிடமிருந்தும் வரவில்லை, புதிதாகப் பிறக்கிறது. தசையின் இயக்கத்துக்கு அடிப்படையான ஆக்டின் புரதத்தின் மரபணுவில் வரும் நோய்கள் பெரும்பாலும் இந்த ரகம். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது டி.என்.ஏ. நகலெடுப்பில் நேரும் தவறு இது. நம் ஒவ்வொருவரிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் சில பத்துகள் இருக்கின்றன. பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்வதில்லை. 2012இல் ஐஸ்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். இந்தப் புதிய மாற்றங்களில் பெரும்பகுதி தந்தையின் விந்தணு வழியே வருகிறது. தந்தையின் வயது ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும் சராசரியாக இரண்டு மாற்றங்கள் கூடுகின்றன. மருமகளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

சொந்தத்தில் கட்டுவது

இரண்டாம் வழிக்கும் தமிழர் திருமண வழக்கத்துக்கும் தொடர்பு உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் ரத்த உறவுக்குள் நடக்கிறது. நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று அது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இது மிகக் குறைவு. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டினால், இருவருக்கும் தாத்தா பாட்டி பொது. அந்தப் பொது முன்னோரிடமிருந்த ஒரு மரபணுப் பிரதி இரண்டு பக்கமும் இறங்கிக் குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு, எந்த மரபணுவை எடுத்தாலும் 16இல் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் 8இல் ஒன்று.

இதைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. எந்தத் தம்பதிக்கும் கடுமையான பிறவிக் கோளாறோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்றால், அத்தை மகன், மாமன் மகள் தம்பதிக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இப்படிப்பட்ட நோய் இருந்தால், அதே வட்டத்துக்குள் அடுத்த சம்பந்தம் பேசும் முன் யோசிக்க வேண்டும்.

"நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லையே, எங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சகாக்களும் 2017இல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், 81 குழுக்கள் ஒருகாலத்தில் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகியவை என்று தெரிந்தது. நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே கட்டிவந்ததால், ரத்த உறவே இல்லை என்று நினைக்கும் இருவர்கூடத் தொலைவில் ஒரு முன்னோரைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவரிடமிருந்த ஒரு பிழை சமூகம் முழுக்கப் பரவியிருக்கக்கூடும். ஜப்பானில் அப்படி நடந்திருக்கிறது. அங்கே பிறக்கும் குழந்தைகளைத் தாக்கும் ஃபுகுயாமா தசைச் சிதைவு நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாரிடமும் ஒரே பிழை. நூறு தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஒரே ஒருவரிடமிருந்து கிளைத்தது.

ரிப்போர்ட்டைப் படிப்பது

இன்று மரபணுவைப் படிக்கச் சில மில்லி லிட்டர் ரத்தம் போதும். முன்னூறு கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ.வில் புரதங்களைச் சொல்லும் பகுதி மட்டும் பிரித்துப் படிக்கப்படுகிறது. ஆனால் படிப்பதைவிடப் பொருள் சொல்வது கடினம். தசை மரபணுக்கள் அளவில் பூதங்கள். உடலின் மிகப் பெரிய புரதமான டைட்டினின் மரபணுவில் 360க்கு மேற்பட்ட துண்டுகள், நெபுலினில் 183. அவ்வளவு நீளத்தில் எல்லாரிடமும் சில அபூர்வ மாற்றங்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றில் எது குற்றவாளி, எது அப்பாவி என்று பிரிக்க முடியாதபோது ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்' என்று எழுதுவார்கள். அது நோய் உறுதியானதாகப் பொருள்படாது. அம்மா, அப்பா இருவரின் ரத்தத்தையும் சோதித்து, அந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்த்த பிறகே பல சமயம் தீர்ப்பு கிடைக்கும். தசைத் துணுக்கில் ஷை பார்த்த அந்த விசித்திரமான நடுப்பகுதி இப்போதும் இங்கேதான் சாட்சி சொல்ல வருகிறது.

மருந்து இருக்கிறதா? எஸ்.எம்.ஏ. நோய்க்கு வந்துவிட்டது. 2021இல் கண்ணூர் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்காக 18 கோடி ரூபாய் ஊசி வாங்க மக்கள் பணம் திரட்டியது நினைவிருக்கும். அந்த ஊசி, நல்ல மரபணுப் பிரதியைத் தீங்கற்ற வைரஸுக்குள் அடைத்து அனுப்புவது. கேரள அரசு எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்குத் தனிக் கிளினிக் நடத்தி, தினமும் வாய்வழி கொடுக்கும் மருந்தையும் இலவசமாக அளித்துவருகிறது.

பிறவித் தசைநோய்க்கு அதே வழி ஏன் திறக்கவில்லை? அந்த வைரஸுக்குள் 4,700 எழுத்துகள்வரைதான் அடங்கும். ஆர்.ஒய்.ஆர்.1 புரதத்துக்கான வாசகம் மட்டும் 15,000 எழுத்துகள். நெபுலின் அதைவிட நீளம். எம்.டி.எம்.1 சிறியது, அடங்கும். அதனால் அதில் முயன்றார்கள். இதே நோயோடு பிறந்த லாப்ரடார் நாய்கள் அந்தச் சிகிச்சையில் எழுந்து ஓடின. சிறுவர்களுக்கான பரிசோதனையிலும் சிலர் மூச்சுக் கருவியை விட்டு விலகினார்கள். ஆனால் நான்கு சிறுவர்கள் கல்லீரல் சிக்கலில் இறந்தார்கள், பரிசோதனை நிறுத்திவைக்கப்பட்டது. இப்போதைக்குக் கையில் இருப்பவை இயன்முறைப் பயிற்சி, முதுகுத்தண்டு வளையாமல் காப்பது, இரவில் மூச்சுக்குத் துணைக் கருவி, சளித் தொற்றுக்கு உடனடிச் சிகிச்சை. கேட்கச் சாதாரணமாக இருக்கலாம், இவைதான் ஆயுளை நீட்டுகின்றன.

மரபணுவின் பெயரைத் தெரிந்துகொள்வதால் இன்றே கிடைக்கும் பலன் இரண்டு. ஒன்று, அடுத்த குழந்தை. குடும்பத்தின் பிழை உறுதியாகத் தெரிந்தால், கருவுற்ற 11ஆம் வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் துணுக்கிலோ, 16ஆம் வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரிலோ அதைத் தேடிப் பார்க்கலாம். கருவின் பாலினத்தைச் சொல்லத் தடைவிதிக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், மரபணு நோயைக் கண்டறியப் பதிவுபெற்ற மையங்களுக்கு அனுமதி தருகிறது. தெரிந்த பின் என்ன செய்வது என்பது பெற்றோரின் முடிவு. இரண்டு, மயக்க மருந்து. ஆர்.ஒய்.ஆர்.1 பிழை உள்ளவர் பல் பிடுங்கப் போனாலும் குடலிறக்கத்துக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். ஆபத்தில்லாத மருந்துகள் இருக்கின்றன. தவறி ஆபத்து நேர்ந்தால் டான்ட்ரோலீன் என்ற மாற்று மருந்தும் இருக்கிறது.

ஆகவே, வீட்டில் இப்படியொரு குழந்தை இருந்தால் மூன்று காரியங்களைத் தள்ளிப்போட வேண்டாம். மரபணு ரிப்போர்ட்டின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கருவுக்கு முன்பே, வயிற்றில் பிள்ளையோடு அவசரப்படாமல், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போய் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இருவரும் ரத்தம் கொடுங்கள். அரிய நோய்களுக்கான மத்திய அரசின் சிறப்பு மையங்களாகத் திருவனந்தபுரத்தில் எஸ்.ஏ.டி.யும் சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாதவர்கள் அங்கே தொடங்கலாம். உறவுக்காரர் யாராவது "யார் வழியில் வந்தது?" என்று கேட்டால், ரிப்போர்ட் வரும்வரை யாருக்கும் தெரியாது, வந்த பிறகும் அது யாருடைய குற்றமும் ஆகாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல வேண்டியவர் முதலில் குழந்தையின் அப்பா.